பிள்ளைக்குத் தாகம்னு சொல்லத் தெரியாது

(வேலூர் மாவட்டத்தில் நம் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் ஆண்டுப் பேரவைக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன், சுழல் நிதி பத்தியெல்லாம் இங்க காலையிலிருந்து பேசியாச்சு. எனக்கு அரை மணி நேரம் கொடுத்திருக்காங்க. நான் பேச வந்தது வெயிலைப் பத்தி. "வெயிலைப் பத்தி எங்களுக்கே பாடமா? வேலூரை வெயிலூர்னு ஊரே சொல்லுதே"ன்னு நீங்க நினைக்கலாம். உண்மைதான். சுத்தி மலை, எல்லாம் பாறை. பகலெல்லாம் காய்ஞ்ச பாறை ராத்திரியும் அனல் வீசும். நமக்கு இது பழகிப்போச்சு. பழகிப்போனதுதான் ஆபத்து. நாம தாங்குற வெயிலைக் கைக்குழந்தையும் தாங்கும்னு நினைச்சிடுறோம். அது தாங்காது.

அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்குது. ஆனா இப்பெல்லாம் மார்ச் கடைசியிலேயே 100 டிகிரியைத் தொட்டுடுது. 104 டிகிரின்னு டிவியில சொன்னா அது 40 டிகிரி செல்சியஸ். 2024-ல தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர்னு அறிவிச்சது. புயல் மாதிரி, வெள்ளம் மாதிரி இதுவும் ஒரு பேரிடர். புயலுக்குச் சத்தம் உண்டு, வெள்ளம் கண்ணுக்குத் தெரியும். வெயில் சத்தமில்லாம வீட்டுக்குள்ள வந்து பிள்ளைமேல உட்காரும். அதனாலதான் இதைத் தனியாப் பேச வேண்டியிருக்கு.

குழந்தை உடம்பு நம்ம உடம்பு இல்லை

நமக்குச் சூடு ஏறினா வியர்க்கும். வியர்வை காயும்போது உடம்பு குளிரும். பிறந்த குழந்தைக்கு அந்த அளவுக்கு வியர்க்கத் தெரியாது. எடையோடு ஒப்பிட்டா அதன் தோலின் பரப்பு நம்மளவிட அதிகம். அதனால வெளிச்சூடு சீக்கிரம் உள்ளே ஏறும். பிறந்த குழந்தையோட உடம்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர்தான். அதுல கொஞ்சம் குறைஞ்சாலும் துவண்டு போயிடும்.

இன்னொண்ணு, நமக்குத் தாகம் எடுத்தா எழுந்து போய் ஒரு சொம்பு தண்ணி மொண்டு குடிக்கிறோம். சூடு தாங்கலேன்னா திண்ணைக்குப் போறோம். குழந்தைக்கு எழுந்து போகத் தெரியாது, போர்த்தியிருக்கிற துணியை எடுக்கத் தெரியாது. தாகம்னு சொல்லவும் தெரியாது. அழும். அழுதழுது ஓய்ஞ்சா தூங்கிடுச்சுன்னு நாம நினைச்சுக்குவோம். சில நேரம் அது தூக்கம் இல்லை, சோர்வு.

இன்னைக்கு நான் சொல்ல வந்த விஷயமே இதுதான். கேட்டாக் கொடுக்கலாம்னு காத்திருக்கக் கூடாது. கேட்கிறதுக்கு முன்னாடியே நாம கொடுக்கணும். பார்க்கிறதுக்குன்னு ஒரு ஆள் இருக்கணும். அந்த ஆள் எப்பவும் அம்மா மட்டுமே ஆக முடியாது. அங்கதான் நம்ம குழு வருது. அதைக் கடைசியில சொல்றேன்.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும்

"இந்த வெயில்ல தொண்டை காயாதா? ஒரு சங்கு தண்ணி கொடுத்தா என்ன?" இந்தக் கேள்வியை என் வேலைக்காலம் முழுக்கக் கேட்டிருக்கேன். பாசத்துல கேட்கிறதுதான். ஆனா தாய்ப்பாலில் 100 பங்குக்குச் சுமார் 88 பங்கு தண்ணீர். பிள்ளைக்கு வேண்டிய தண்ணீர் அதுலயே இருக்கு. தனியாத் தண்ணி கொடுத்தா அந்தச் சின்ன வயிறு தண்ணியிலேயே நிறைஞ்சிடும், பால் குடிக்காது. தண்ணி சுத்தமில்லேன்னா பேதியும் வந்துடும். சர்க்கரைத் தண்ணி, கழுதைப்பால், தேன் எதுவும் வேண்டாம். தேன் ஒரு வயசு முடியுற வரைக்கும் கூடவே கூடாது.

வெயில் காலத்துல செய்ய வேண்டியது, பால் கொடுக்கிற தடவையைக் கூட்டுறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுத்தவங்க ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை மார்ல போடுங்க. கொஞ்ச நேரம் குடிச்சாலும் பரவாயில்லை. தூங்கிட்டே இருந்தா எழுப்பிக் கொடுங்க.

"வெயில்ல போயிட்டு வந்திருக்கே, சூட்டுப் பால், முதல் பாலைப் பீச்சிக் கீழே விட்டுட்டுக் கொடு"ன்னு சில வீட்டுல சொல்றாங்க. மார்ல இருக்கிற பால் வெயிலால கெடாது, பாத்திரத்துப் பால் மாதிரி திரியாது. வேலையிலிருந்து வந்ததும் முகம், கை கழுவி, மார்பைத் துடைச்சிட்டு, ஒரு சொம்பு தண்ணி குடிச்சிட்டு, உட்கார்ந்து பால் கொடுங்க. அவ்வளவுதான்.

அந்த ஒரு சொம்பு தண்ணியைத் தாய்க்கு யார் கொடுக்கிறது? "பச்சை உடம்புக்காரி, தண்ணி குடிச்சா வயிறு போட்டுடும்"னு சொல்லி, பிள்ளை பெத்தவளுக்குத் தண்ணியை அளந்து கொடுக்கிற வீடு இன்னும் இருக்கு. மே மாசத்துல ஜன்னலைச் சாத்தி, கதவைச் சாத்தி, தாயையும் சேயையும் உள்ளே வைக்கிற வீடும் இருக்கு. மாமியாரா இருக்கிற அக்காமார்களைக் கும்பிட்டுக் கேட்டுக்கறேன். பால் கொடுக்கிறவளுக்கு மத்தவங்களைவிட அதிகமாத் தண்ணி வேணும். ஒவ்வொரு தடவை பால் கொடுக்க உட்காரும்போதும் அவ கைக்கெட்டுற இடத்துல ஒரு சொம்பு தண்ணியோ மோரோ வையுங்க. ஜன்னலைத் திறங்க. காத்துப் படுறதால குழந்தைக்கு எதுவும் ஆகாது. காத்தே இல்லாததாலதான் ஆகும்.

ஆறு மாதத்துக்கு மேல

ஆறு மாதம் முடிஞ்சு திட உணவு ஆரம்பிச்ச பிறகு, தாய்ப்பாலோட காய்ச்சி ஆற வைச்ச தண்ணியும் கொடுக்கணும். கேட்கும்போது மட்டும் கொடுத்தாப் போதாது. அரை மணி, முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை ரெண்டு வாய் கொடுங்க. ஓடியாடி விளையாடுற பிள்ளை விளையாட்டு ருசியில தண்ணியையே மறந்துடும். கூப்பிட்டுக் குடிக்க வையுங்க.

நம்ம ஊர்ல கடவுள் கொடுத்த பொருள் நிறைய இருக்கு. இளநீர், நீர்மோர், தர்பூசணி, வெள்ளரிக்காய், நுங்கு, எலுமிச்சம்பழச் சாறு, ராகிக் கூழில் மோர் விட்டுக் கரைச்சது, இதெல்லாம் வளர்ந்த பிள்ளைக்கு நல்லது. சின்னப் பிள்ளைக்கு நுங்கைத் தோல் எடுத்து மசிச்சுக் கொடுங்க. முழுசாக் கொடுத்தா வழுக்கித் தொண்டையில போய் நிக்கும். தர்பூசணியில ஒரு விதை விடாம எடுத்துடுங்க.

தள்ளுவண்டி கலர் ஐஸ், எந்தத் தண்ணியில செஞ்சதுன்னே தெரியாத ஐஸ் போட்ட ஜூஸ், காலையில வெட்டி ஈ மொய்க்க வைச்ச பழம் இதெல்லாம் வேண்டாம். வெயில்ல பேதி வந்தா "சூட்டுல போகுது, தானா நிக்கும்"னு விடுறோம். பெரும்பாலும் அது சூட்டால வர்றதில்லை, கிருமியால வர்றது. வெயிலும் பேதியும் சேர்ந்தா பிள்ளை உடம்புல தண்ணி ரெண்டு பக்கமும் வடியும். அதனாலதான் இந்தக் காலத்துல பேதி ரொம்ப ஆபத்து. பால் புட்டியில மீந்த பாலை மத்தியானத்துக்கு எடுத்து வைக்காதீங்க. இந்தச் சூட்டுல அது சீக்கிரம் கெட்டுடும்.

தூளியும் துணியும்

தூளியைப் பத்திப் பேசாம நம்ம ஊர்ல பிள்ளை வளர்ப்பைப் பேச முடியாது. தூளி நல்லதுதான். கைக்கு வேலை இருக்கும்போது பிள்ளை தூங்கும். ஆனா பாருங்க, தூளியோட ரெண்டு பக்கமும் மூடியிருக்கும். நைலக்ஸ் புடவை, பாலியெஸ்டர் புடவையில கட்டினா உள்ளே காத்தே போகாது. ஈ உட்காருதுன்னு மேலே ஒரு துண்டு போட்டு மூடினா, அது அடுப்பு மேல வைச்ச மூடின பாத்திரம்தான். மெல்லிய பழைய பருத்திப் புடவையில கட்டுங்க. நடுவுல ஒரு கட்டை வைச்சு வாயை விரிச்சு விடுங்க. மேலே மூடாதீங்க. ஈக்கு மெல்லிய கொசுவலைத் துணி போதும்.

எங்க கட்டுறீங்கன்னும் பாருங்க. குடியாத்தம் பக்கம் பீடி சுத்துற வீடுகள், தகர ஷீட், சிமெண்ட் ஷீட் போட்ட வீடுகள், அங்கெல்லாம் மத்தியானம் ஷீட்டுல கை வைக்க முடியாது. அந்த ஷீட்டைத் தாங்குற கம்பியிலதான் தூளி தொங்குது. சூடு மேலேதான் அதிகமா நிக்கும். பிள்ளையும் அங்கேயே தொங்குது. மத்தியானம் 11 மணியிலிருந்து 4 மணி வரைக்கும் பிள்ளையைத் தூளியிலிருந்து இறக்கி, துடைச்ச வெறும் தரையில ஒரு பருத்தித் துணி விரிச்சுப் படுக்க வையுங்க. ஷீட் மேல வெள்ளைச் சுண்ணாம்பு அடிச்சா, இல்லேன்னா தென்னங்கீத்து பரப்பினா உள்ளே இறங்குற சூடு குறையும்.

ஃபேன் போட்டாப் போதும்னு நினைக்காதீங்க. வெளியே 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது ஃபேன் அனல் காத்தையேதான் சுத்திவிடும். அப்ப ஈரத்துணியால பிள்ளையோட கழுத்து, அக்குள், தொடை இடுக்கு, முதுகு எல்லாம் துடைச்சு விட்டுட்டு ஃபேன் போடுங்க. அப்பத்தான் குளிரும். சாதாரணத் தண்ணியே போதும், ஐஸ் தண்ணி வேண்டாம்.

உடுப்பு விஷயத்துல ஒரே ஒரு மெல்லிய பருத்திச் சட்டை போதும். கம்பளித் தொப்பி, காலுறை, மேலே ஒரு டர்க்கித் துண்டு, இதெல்லாம் மே மாசத்துல எதுக்கு? ஆனா எடை குறைவாப் பிறந்த குழந்தை, மாசம் முந்திப் பிறந்த குழந்தைன்னா டாக்டர் சொன்னபடி செய்யுங்க, அதுகளுக்குச் சில நேரம் கதகதப்பு வேணும். போதுமா, அதிகமான்னு தெரிஞ்சுக்க ஒரு வழி இருக்கு. புறங்கையைப் பிள்ளையோட பிடரியிலயும் நெஞ்சுலயும் வைச்சுப் பாருங்க. அங்க வியர்த்து, சூடா இருந்தா ஒரு துணியை எடுத்துடுங்க.

வேர்க்குருவுக்கு டப்பா டப்பாவா பவுடர் கொட்டாதீங்க. பவுடர் வியர்வையோட சேர்ந்து அடைச்சுக்கும், தூள் மூச்சுக்குள்ளயும் போகும். தலையிலிருந்து கால்வரை எண்ணெய் பூசி அப்படியே விடுறதும் வேர்க்குருவை அதிகமாக்கும். ரெண்டு வேளை குளிப்பாட்டி, மடிப்பு மடிப்பா ஒத்தி எடுத்து, காத்தாட விட்டாலே பாதி சரியாகும்.

பிறந்த குழந்தைக்கு மஞ்சள் தெரிஞ்சா "காலை வெயில்ல காட்டு"ன்னு சொல்றது பழக்கம். நம்ம ஊர்ல ஏப்ரல், மே மாசம் எட்டு மணி வெயிலே சுள்ளுன்னு இருக்கும். வெயில்ல காட்டுறது வைத்தியம் இல்லை. பிறந்த முதல் நாளே மஞ்சள் தெரிஞ்சாலோ, உள்ளங்கை, உள்ளங்கால் வரைக்கும் மஞ்சள் வந்தாலோ அன்னைக்கே ஆஸ்பத்திரி.

வெளியே போகும்போது

11 மணியிலிருந்து 4 மணி வரைக்கும் பிள்ளையை வெளியே எடுக்காம இருக்க முடிஞ்சா நல்லது. கல்யாணம், திருவிழா, பேங்க் வேலைன்னு போயே ஆகணும்னா குடை, நிழல், தண்ணி, ஒரு ஈரத்துண்டு, இந்த நாலும் கூடவே போகணும். முகத்தை முந்தானையால மூடித் தூக்கிட்டுப் போறோம். வெயில் படாது, சரி. உள்ளே காத்தும் போகாதே. குடை பிடிங்க, முகத்தைத் திறந்து வையுங்க.

தார் ரோட்டுல பிள்ளையைச் செருப்பில்லாம நடக்க விடாதீங்க. கோயில் கருங்கல் பிரகாரமும் அப்படித்தான். பைக் சைலன்சர், பள்ளிக்கூடத்துச் சறுக்குமரத்துத் தகடு, வெயில்ல நின்ன சைக்கிள் சீட்டு, இதுல எல்லாம் முதல்ல நீங்க கை வைச்சுப் பார்த்துட்டுப் பிள்ளையை உட்கார வையுங்க.

கல்யாணத்துக்கு வேன் பிடிச்சு, கார் பிடிச்சுப் போறோம். பிள்ளை தூங்குது, எழுப்ப வேண்டாம்னு வண்டியிலயே விட்டுட்டு "இதோ வந்துடுறேன்"னு இறங்காதீங்க. கண்ணாடி ஏத்தின வண்டியில பத்து நிமிஷத்துல 10 டிகிரி செல்சியஸ் வரைக்கும் சூடு ஏறிடும். ஒரு கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைச்சாலும் போதாது. இறங்கும்போது பிள்ளைங்களை எண்ணிட்டு இறங்குங்க. வீட்டு வாசல்ல நிக்கிற வண்டியைப் பூட்டியே வையுங்க, விளையாடப் போய் உள்ளே ஏறி மாட்டிக்குற பிள்ளைங்க உண்டு.

லீவு நாள்ல இன்னும் ரெண்டு கவனம் வேணும். பெரிய பிள்ளைங்க சின்னதோட தூளியில ஏறி முறுக்கி விளையாடும், துணி கழுத்தைச் சுத்திடும். தண்ணி பிடிச்சு வைச்ச வாளி, டிரம், தொட்டி எல்லாம் மூடியே இருக்கணும். தவழுற பிள்ளைக்கு ஒரு சாண் தண்ணி போதும் உயிர் போக.

உச்சிக்குழி சொல்ற சேதி

இப்ப சொல்லப் போறதைத் தயவுசெய்து மனசுல எழுதிக்குங்க.

நல்லா இருக்கிற கைக்குழந்தை ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது ஒண்ணுக்குப் போகும். அது குறைஞ்சா முதல் எச்சரிக்கை. ஒண்ணுக்கு மஞ்சளாக் கறை பிடிக்கிற மாதிரி வந்தா ரெண்டாவது எச்சரிக்கை. வாய், நாக்கு காய்ஞ்சு ஒட்டுறது, அழுதாக் கண்ணீர் வராதது, கண் உள்ளே போன மாதிரி தெரியறது, வயித்துத் தோலைக் கிள்ளி விட்டா மெதுவாத் திரும்பறது, உச்சிக்குழி பள்ளமாகிறது, இதெல்லாம் உடம்புல தண்ணி வத்திப்போச்சுன்னு அர்த்தம்.

ஒன்றரை வயசு வரைக்கும் பிள்ளைக்கு உச்சிக்குழி திறந்திருக்கும். அது பள்ளமாத் தெரிஞ்சா நம்ம ஊர்ல "உச்சி விழுந்துடுச்சு"ன்னு சொல்லி விளக்கெண்ணெய் வைப்போம். துவண்டு கிடந்தா "உரம் விழுந்துடுச்சு"ன்னு முறத்துல போட்டு உருட்டுவோம். தொக்கம் எடுக்கக் கூட்டிட்டுப் போவோம். எட்டு மாசக் குழந்தை ஒண்ணு, ரெண்டு நாளாப் பேதி, உச்சி பள்ளம். முதல் நாள் ஒரு ஊர்ல உரம் எடுத்தாங்க, மறுநாள் இன்னொரு ஊர்ல தொக்கம் எடுத்தாங்க. மூணாம் நாள் என்கிட்ட தூக்கிட்டு வந்தப்ப அழக்கூட அதுக்குத் தெம்பில்லை. ஆஸ்பத்திரியில நரம்பே கிடைக்கலை. ரொம்ப நேரம் தேடித்தான் டிரிப்ஸ் ஏத்தினாங்க. பிழைச்சுது. இன்னும் அரை நாள் கழிச்சு வந்திருந்தாப் பிழைச்சிருக்காதுன்னு அந்த டாக்டர் சொன்னார்.

அந்தத் தாய் பாசம் இல்லாதவ கிடையாது. ரெண்டு நாளும் பிள்ளையைத் தூக்கிட்டு அலைஞ்சிருக்கா, காசும் செலவு பண்ணியிருக்கா. உச்சிக்குழி சொன்ன சேதியைத்தான் யாரும் அவளுக்குப் புரிய வைக்கலை. உச்சிக்குழி எண்ணெய் கேட்கலை, தண்ணி கேட்குது. இந்த ஒரு வரியை வீட்டுக்கு வீடு கொண்டு போங்க.

ஓ.ஆர்.எஸ். கரைக்கிற முறை

ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஆரம்ப சுகாதார நிலையத்துலயும், கிராம சுகாதாரச் செவிலியர்கிட்டயும், அங்கன்வாடியிலயும் இலவசமாக் கிடைக்கும். பாக்கெட் மேல எவ்வளவு தண்ணியில கரைக்கணும்னு எழுதியிருக்கும். பெரிய பாக்கெட்னா காய்ச்சி ஆற வைச்ச ஒரு லிட்டர் தண்ணி. முழுப் பாக்கெட்டையும் ஒரே தடவையில கரைக்கணும். பாதிப் பாக்கெட், ஒரு டம்ளர்னு குத்துமதிப்பாக் கரைக்கக் கூடாது. உப்பு அதிகமானாலும் பிள்ளைக்கு ஆபத்து. பால், டீ, ஜூஸ் எதுலயும் கலக்கக் கூடாது. கரைச்சது 24 மணி நேரம்தான், மீந்தாக் கொட்டிடுங்க.

பாக்கெட் இல்லேன்னா ஒரு லிட்டர் தண்ணிக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ரெண்டும் தலை தட்டின டீஸ்பூன் அளவு. கடையில அட்டை டப்பாவுல விக்கிற இனிப்புப் பானத்தை ஓ.ஆர்.எஸ்.னு நம்பி வாங்காதீங்க.

எப்படிக் கொடுக்கணும்? மடக்கு மடக்குன்னு இல்லை. ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன். வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் பொறுத்து, இன்னும் மெதுவாக் கொடுங்க. பேதி போகிற பிள்ளைக்கு, ரெண்டு வயசுக்குள்ளன்னா ஒவ்வொரு தடவை போனதுக்கும் 50 முதல் 100 மில்லி, அதுக்கு மேல வயசுன்னா 100 முதல் 200 மில்லி. தாய்ப்பாலை நிறுத்தாதீங்க, சாப்பாட்டையும் நிறுத்தாதீங்க. ஆறு மாசத்துக்குள்ள உள்ள பிள்ளைன்னா பால் கொடுத்துக்கிட்டே செவிலியரைக் கேளுங்க.

உடனே 108

பிள்ளை உடம்பு நெருப்பாச் சுடுது, கூப்பிட்டாக் கண் திறக்கலை, பால் குடிக்க முடியலை, குடிச்சதெல்லாம் வாந்தி, வலிப்பு, எட்டு மணி நேரமா ஒண்ணுக்குப் போகலை. இதுல ஒண்ணு இருந்தாலும் 108-க்குப் போன் பண்ணுங்க. வண்டி வர்ற வரைக்கும் சும்மா நிக்காதீங்க. நிழலுக்குத் தூக்கிட்டுப் போங்க. துணியைக் கழட்டுங்க. சாதாரணத் தண்ணியில நனைச்ச துணியால உடம்பு முழுக்கத் துடைச்சு, முறமோ அட்டையோ வைச்சு விசிறுங்க. நினைவில்லாத பிள்ளை வாயில ஒரு சொட்டுத் தண்ணிகூட ஊத்தக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். வெயில் தாக்கின சூட்டைக் காய்ச்சல் மருந்து இறக்காது, அதை நம்பி நேரத்தைக் கழிக்காதீங்க. ரெண்டு மாசத்துக்குள்ள உள்ள பிள்ளைக்கு உடம்பு சுட்டா, வெயில் சூடா காய்ச்சலான்னு வீட்டுல பட்டிமன்றம் வேண்டாம். தூக்கிட்டுக் கிளம்புங்க. சந்தேகம் கேட்க 104-ம் இருக்கு.

குழு என்ன செய்யலாம்?

இதுவரைக்கும் சொன்னதைக் கேட்டுட்டு ஒரு தங்கச்சி மனசுக்குள்ள நினைக்கலாம். "நீங்க சொல்றது சரி மேடம். வேலைக்குப் போகாம வீட்டுல இருக்கிறவங்களுக்கு இது சரி. நான் நூறு நாள் வேலைக்குப் போறவ. பிள்ளையை எங்க விடுறது?" நியாயமான கேள்வி. ஒரு நாள் கூலியா, பிள்ளையான்னு ஒருத்தியை நிறுத்தி வைச்சிட்டு, அவளுக்கு அறிவுரை மட்டும் சொல்றது சரியில்லை.

வேலை நடக்குற இடத்துல மரத்தடியில காலையில தூளி கட்டுறாங்க. நல்ல நிழல். பன்னிரண்டு மணிக்கு நிழல் நகர்ந்துடும். தூளி நகராது. அம்மா ஏரியோட அந்தக் கோடியில மண் வெட்டுறா. அந்த நிழல் நகர்ந்ததைப் பார்க்கத்தான் ஒரு ஆள் வேணும். இது நாம யார்கிட்டயும் கெஞ்சிக் கேட்கிற சலுகை இல்லை. நூறு நாள் வேலைச் சட்டத்துலயே அப்படி எழுதியிருந்தது. வேலையிடத்துல குடிதண்ணி, பிள்ளைங்களுக்கு நிழல், ஓய்வு நேரம், முதலுதவிப் பெட்டி இருக்கணும். அஞ்சு சின்னப் பிள்ளைங்களோ அதுக்கு மேலயோ அங்க இருந்தா, அவங்களைப் பார்த்துக்க அந்தப் பெண்கள்லயே ஒருத்தரை விடணும். அவங்களுக்கும் கூலி உண்டு. எத்தனை வேலையிடத்துல இது நடக்குது? நாம கேட்டாத்தானே நடக்கும். ஒருத்தி கேட்டா "நாளைக்குப் பார்க்கலாம்"னு சொல்லுவாங்க. கூட்டமைப்பு தீர்மான நோட்டுல எழுதி, கையெழுத்துப் போட்டு, ஊராட்சியில கொடுத்து, நகல்ல கையெழுத்து வாங்கினா பதில் சொல்லியே ஆகணும்.

அதனால நான் உங்க முன்னாடி ஆறு யோசனை வைக்கிறேன். பொருத்தமானதை இன்னைக்கே தீர்மானமாக்குங்க.

ஒண்ணு: வேலையிடத்துல பிள்ளைங்களுக்கு நிழல் பந்தலும், பார்த்துக்க ஒரு ஆளும் வேணும்னு ஊராட்சிக்கு மனு. தினமும் காலையில பணித்தளப் பொறுப்பாளர் வருகைப் பதிவு எடுக்கும்போது, கூட வந்திருக்கிற பிள்ளைங்களையும் எண்ணிச் சொல்ற பொறுப்பு ஒரு உறுப்பினருக்கு.

ரெண்டு: ஒவ்வொரு குழுவோட பணப்பெட்டியிலயும் நாலு ஓ.ஆர்.எஸ். பாக்கெட். யார் வீட்டுல பெட்டி இருக்கோ, ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் கதவைத் தட்டினாலும் கிடைக்கணும். கூட்டமைப்பு அளவுல ஒரு தெர்மாமீட்டர்.

மூணு: ஏப்ரல், மே மாசத்துல குழுக் கூட்டம் மத்தியானம் வேண்டாம். சாயந்திரம் அஞ்சு மணிக்கு மேல வையுங்க. பேங்குக்குக் கைக்குழந்தைக்காரி போக வேண்டியிருந்தா, காலையில முதல் ஆளா முடிச்சிட்டு வர்ற மாதிரி கூட ஒருத்தர் போங்க.

நாலு: குழுவுல யார் வீட்டுல ரெண்டு வயசுக்குள்ள பிள்ளை இருக்குன்னு ஒரு பட்டியல். ஷூ கம்பெனிக்கு, செங்கல் சூளைக்குப் போற பெண்களோட பிள்ளைங்க வயசான பாட்டிகிட்டதான் இருக்கு. பாட்டிக்கே அந்த வெயில்ல தலை சுத்தும். பக்கத்து வீட்டு உறுப்பினர் மத்தியானம் ஒரு தடவை எட்டிப் பார்த்து, "பிள்ளை பால் குடிச்சுதா, ஒண்ணுக்குப் போச்சா, நீங்க தண்ணி குடிச்சீங்களா"ன்னு மூணு கேள்வி கேட்டுட்டு வந்தாப் போதும்.

அஞ்சு: ஷீட் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க, கீத்து வாங்கச் சின்ன உள்கடன். பெரிய தொகை இல்லை. ஆனா அந்த வீட்டுல தூங்குற பிள்ளைக்கு அது பெரிசு.

ஆறு: ஏப்ரல் மாச முதல் கூட்டத்துக்கு உங்க கிராம சுகாதாரச் செவிலியரைக் கூப்பிட்டு, எல்லாரும் தன் கையாலயே ஒரு தடவை ஓ.ஆர்.எஸ். கரைச்சுப் பாருங்க. மக்களைத் தேடி மருத்துவத்துல வேலை செய்யற தன்னார்வலர்கள் நம்ம குழுக்கள்ல இருந்து போனவங்கதான். அவங்களையும் சேர்த்துக்குங்க.

சகோதரிகளே, நாம சேர்ந்தப்ப ஒருத்தருக்கொருத்தர் ஜாமீன்னு கையெழுத்துப் போட்டோம். ஒருத்தி தவணை கட்ட முடியலேன்னா மத்தவங்க தாங்கிப் பிடிச்சோம். பணத்துக்கு ஜாமீன் நின்ன நாம, வர்ற இந்த மூணு மாசம் நம்ம தெருவுல இருக்கிற ஒவ்வொரு கைக்குழந்தைக்கும் ஜாமீன் நிப்போம். அடுத்த ஆண்டுப் பேரவையில வரவு செலவு படிக்கும்போது, அதோட இன்னொரு வரியும் படிக்கணும்னு ஆசைப்படுறேன்: "இந்தக் கோடையில நம்ம ஊராட்சியில வெயிலால ஒரு பிள்ளைக்கும் எதுவும் ஆகலை." அந்த வரியை எழுதுற பேனா உங்க கையிலதான் இருக்கு.

 சாப்பிடப் போறதுக்கு முன்னாடி, மடியில பிள்ளை வைச்சிருக்கிறவங்க எல்லாரும் முதல்ல ஒரு டம்ளர் தண்ணி குடிச்சிட்டுப் பிள்ளைக்குப் பால் கொடுங்க.